மறுப்பு வரவில்லை

அன்று கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான், கல்லாவில்.

திதி, பெஞ்சில், மடியில் லேப்டாப்புடன்.

ராணா. கல்கத்தாவில் டாலிகஞ்சில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர் பார்க்கிற இளைஞன். அந்த வேலை அன்று கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ராணாவின் அம்மா. அவருக்கும் ராணாவுக்கும் தமிழ் தெரியாது.

பேங்க் மாமா. ரிட்டயர் ஆனவர். கால் கிலோ காப்பித்தூள் வாங்க வந்து, வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

போனுக்குள் ஒரு மேனேஜர். அவர் இருந்தது பெங்களூரில்.

ஆட்கள் இவ்வளவுதான். நான் எழுத வந்தது திதியைப் பற்றி.

திதி என்றால் வங்காளத்தில் அக்கா. லேக் கார்டன்ஸில் எங்கள் தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே. பெயரைப் போட்டு எழுதலாமா என்று போனில் கேட்டேன். "யோசிக்கிறேன்" என்றார். யோசிக்கிறேன் என்றால் சரி என்று ஆகாது. அவரிடம் பழகியவனுக்கு அது தெரியும். ஆகையால் போடவில்லை.

என் கடை காப்பித்தூள் கடை. கூடவே அப்பளம், புளி, இட்லி அரிசி. ஊர் திருநெல்வேலிப் பக்கம். படிப்பு ஆறாவது வரை. கல்கத்தா வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

திதி எதிர் ஃப்ளாட்டில் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். ஐம்பது வயது இருக்கும். தாத்தா காலத்தில் இங்கே வந்த குடும்பம். தமிழ் பேசுவார், மெதுவாக வாசிப்பார். கோபம் வந்தால் வங்காளம்தான். வீட்டில் நெட் நிற்காது. என் கடையில் சிக்னல் நன்றாக வரும். பகலில் பாதி நேரம் என் பெஞ்சுதான் அவருக்கு ஆபீஸ். அவர் போன் பேசும்போது அரவை மிஷினை நிறுத்திவிடுவேன்.

முதல் முதலில் அவர் கடைக்கு வந்தபோது போர்டைப் பார்த்தபடி நின்றார். 'புதிதாக அரைத்தது' என்று எழுதி வைத்திருந்தேன்.

"எப்போ அரைச்சது?"

"காலையில."

"இன்னைக்குக் காலையிலயா?"

"நேத்து."

"அப்போ நேத்து அரைச்சதுன்னு எழுதலாமே?"

நான் பேசவில்லை. பேசாமல் இருந்தால் கேட்டவர் போய்விடுவார். அது என் வழக்கம். திதி போகவில்லை.

"அண்ணாச்சி, பேசாம இருக்கீங்க. சரிங்கறீங்களா, முடியாதுங்கறீங்களா?"

"யோசிக்கேன்."

"அதை வாயால சொல்லுங்க. நீங்க பேசாம இருந்ததை நான் சரின்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டா, நாளைக்குத் தப்பு யார் பேர்ல?"

போர்டை மாற்றினேன். நேற்று அரைத்தது என்று எழுதியதும் வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு தினமும் விடிய எழுந்து அரைக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்ய.

அவரோடு ஆட்டோவில் போவது கஷ்டம். எங்கே இறக்கிவிட என்று டிரைவர் கேட்டால், நாம் "கொஞ்சம் முன்னால" என்போம். திதி, "எந்தக் கம்பத்துக்கு முன்னால?" என்று நம்மைக் கேட்பார். ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். "திதி, உங்களை இறக்கிவிட ரெண்டு சாட்சி வேணுமா?" என்றான். திதி யோசித்துவிட்டு, "ஒண்ணு போதும்" என்றார். கிண்டலுக்குக்கூட அவரிடம் பதில் வரும். பதில் இல்லாமல் எதையும் விடமாட்டார்.

எதைச் சொன்னாலும் அவர் வாயில் வருவது ஒன்றுதான். "தார் மானே?" அப்படியென்றால் என்ன என்று அர்த்தம். கீரைக்காரியிடம் கேட்பார். மின்சார ஆபீஸில் கேட்பார். மருந்துக் கடையில் கேட்பார். பாதிப் பேருக்கு எரிச்சல். எனக்கு எரிச்சல் இல்லை. சொல்கிறதுக்கு என்னிடம் அதிகம் கிடையாது, அதனால் கேட்கிறதுக்கும் அவருக்கு அதிகம் கிடையாது.

அவருக்கு வேலையே அதுதான். ஒரு நாள் என்ன வேலை என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல பெரிய பெரிய கணக்கெல்லாம் வைப்பாங்களே, ஆஸ்பத்திரி, ஸ்கூல், குடோன். அதை வைக்கிற மென்பொருளுக்கு டேட்டாபேஸ்னு பேர். அதை எப்படி ஓட்டணும்னு விளக்கம் எழுதி நெட்ல போட்டிருப்பாங்க. நூத்துக்கணக்கா பக்கம். அதுல எந்த வரி ரெண்டு விதமாப் புரியுதோ, அதை ஒரு விதமாப் புரியறாப்பல மாத்தணும்."

"இதுக்குச் சம்பளமா?"

"கான்ட்ராக்ட். வருஷா வருஷம்."

சந்தேகமான வரி வந்தால் என்னிடம் தமிழில் சொல்லிப் பார்ப்பார். நான் என்ன செய்வேன் என்று கேட்பார். நான் பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வேன். தப்பாகச் சொன்னால் அவருக்குச் சந்தோஷம். "பாருங்க, நீங்க தப்பாப் போனா வரி தப்பு" என்பார். எனக்குத் தெரியாததற்கு வரி என்ன செய்யும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு வரி அவரைப் பிடித்துக்கொண்டது. என் அலமாரியிலிருந்து இரண்டு டின்களை எடுத்துப் பெஞ்சில் வைத்தார்.

"அண்ணாச்சி, இந்த டின்தான் உங்க கணக்கு முழுக்க. போன வாரம் இதுக்கு ஒரு நகல் எடுத்து அந்த டின்ல வச்சிருக்கீங்க. அது பேக்கப். இன்னைக்கு இதுல நாலு வரி அழிஞ்சுபோச்சு. அந்த டின்ல இருந்து இதுக்குத் திரும்பக் கொண்டுவரணும். அது ரீஸ்டோர். புரியுதா?"

"புரியுது."

"கொண்டுவந்தா, இந்த வாரம் நீங்க புதுசா எழுதினது இருக்குமா, போயிடுமா?"

"என்ன போட்டிருக்கு?"

"'ஏற்கெனவே உள்ள பதிவுகள் மாற்றப்படும்'னு போட்டிருக்கு."

"எந்தப் பதிவு?"

"அதேதான்!" பெஞ்சைத் தட்டினார். டின் மூடி கீழே உருண்டது. "நகல்ல இருக்கறதுக்குச் சரியா வர்ற பதிவு மட்டுமா? இல்லே, டின்ல இருக்கற எல்லாமா? எத்தனை வருஷமா இப்படியே கிடக்கு பாருங்க."

"ஓட்டிப் பார்த்தா தெரியாதா?"

"எனக்குப் பக்கம் மட்டும்தான் குடுத்திருக்காங்க. மென்பொருளைத் தொட அனுமதி கிடையாது. சமையல் குறிப்பு எழுதறவளுக்கு அடுப்பு கிடையாது."

அந்த மென்பொருளை உண்டாக்கியவர்கள் ஐந்து பேர் பெங்களூரில் இருந்தார்கள். அவர்களைத்தான் கேட்கவேண்டும். முன்பெல்லாம் வாரம் ஒரு நாள் ஐந்து பேரும் போனில் வருவார்கள். நான் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். திதி ஒவ்வொருவராகக் கேட்பார்.

"நீங்க சொல்லுங்க. ஆமாவா, இல்லையா? 'ம்'னா எனக்குத் தெரியாது. தலையை ஆட்டறீங்களா? ஆட்டறது எனக்குத் தெரியலை, கேமராவைப் போடுங்க."

ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவர்களுக்கு அலுத்துவிட்டது. அந்த வருஷம் புது விதி கொண்டுவந்தார்கள். திதி எழுத்தில் அனுப்பவேண்டும். இப்படியா அப்படியா என்று இரண்டையும் எழுதி அனுப்பவேண்டும். மூன்று நாளில் மறுப்பு வராவிட்டால், முதலில் எழுதியதே முடிவு. பக்கம் தானாக மாறிவிடும். யாரும் எதையும் அழுத்தக்கூட வேண்டாம்.

திதி இதைச் சொன்னபோது பேங்க் மாமா கடையில் இருந்தார்.

"இது ஒண்ணும் புது ரூல் இல்லையே" என்றார் மாமா. "பொண்ணு பார்க்க வந்தா இதுதானே நடக்கும்? பொண்ணு வாயைத் திறக்கலைன்னா தட்டை மாத்திடுவாங்க."

நாங்கள் சிரித்தோம். திதி சிரிக்கவில்லை.

"எங்கம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது" என்றார். "எழுபது வயசு வரைக்கும் அவங்களை யாரும் எதையும் கேட்கலை. நல்லாத்தான் இருந்தாங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. நானும் அப்படித்தான் சொல்றேன். எனக்கு எப்படித் தெரியும்?"

மாமா தூளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தெளிவாகச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று திதி நம்பினார். நான் அப்படி நம்பியதில்லை. அதற்கு முந்தின வருஷம் எங்கள் தெருப் பூஜையில் ஒன்று நடந்தது. அஷ்டமி அன்று கிச்சடி பிரசாதம். கமிட்டி நோட்டீஸில் எப்போதும் 'மதியம்' என்று இருக்கும். ஆட்கள் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வருவார்கள், போவார்கள். திதி போய், "மதியம், தார் மானே?" என்று கேட்டு, 'சரியாக ஒரு மணி' என்று மாற்றவைத்தார். ஒரு மணிக்கு நாலு தெருவும் வந்து நின்றது. தள்ளுமுள்ளு. அண்டா சாய்ந்து செக்ரட்டரி காலில் கொட்டியது. காலில் கட்டோடு அவர் திதி வீட்டுக்கு வந்தார். "திதி, போன வருஷம் வரைக்கும் எங்களுக்கு ஒண்ணும் புரியலை. நல்லா இருந்தோம்" என்றார். திதி மருந்து வாங்கிக் கொடுத்தார். ஆனால் நோட்டீஸ் சரிதான் என்றார்.

அந்த ரீஸ்டோர் வரிக்கு வருகிறேன்.

பஞ்சமி அன்று சாயங்காலம் திதி அதை அனுப்பினார். பூஜைப் பந்தலில் டாக் என்கிற மேளத்தை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். இப்படியா அப்படியா என்று இரண்டையும் எழுதினார். எதை முதலில் எழுதுவது என்பதில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. படிக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அதை முதலில் எழுதுவார். அதைப் பார்த்ததும் தெரிந்தவன், "ஐயோ, அப்படி இல்லை" என்று பதறவேண்டும். அதற்காக. ஆகவே முதலில் எழுதியது இது: நகலில் உள்ள பதிவுகள் மட்டும் மாறும், மற்றவை அப்படியே இருக்கும்.

"யாராவது பதறுவாங்க பாருங்க" என்றார்.

மறுநாளிலிருந்து கல்கத்தாவில் எந்த ஆபீஸும் இல்லை. பெங்களூரிலும் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். மூன்று நாள் என்றால் ஆபீஸ் நாள் என்று திதி நினைத்திருந்தார். உலகத்தில் எல்லோரையும் தார் மானே கேட்டவர், அந்த விதியைக் கேட்கவில்லை. அவருக்கே அது பிறகுதான் உறைத்தது. கம்ப்யூட்டருக்கு எல்லா நாளும் நாள்தான். நவமிக்கு முன்னாலேயே பக்கம் மாறிவிட்டது. யாரும் பதறவில்லை. யாரும் படிக்கவில்லை.

முதலில் எழுதியது தப்பு. அந்த மென்பொருள் டின்னில் இருக்கிற எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் நகலை ஊற்றும்.

ராணாவின் லேப் ஏகாதசி அன்று திறந்தது. கம்ப்யூட்டரில் நாலைந்து நோயாளிகளின் பழைய விவரம் அழிந்திருந்தது. மகாளயத்துக்கு முன்னால் எடுத்த பேக்கப் இருந்தது. ராணா பக்கத்தைத் திறந்து படித்தான். இத்தனை வருஷம் அந்தப் பக்கம் குழப்பமாக இருந்தது. அதனால் அவன் பயந்து, ரீஸ்டோர் செய்வதற்கு முன்னால் இன்னொரு நகல் எடுத்து வைத்துக்கொள்வான். இந்தத் தடவை பக்கம் தெளிவாக இருந்தது. மற்றவை அப்படியே இருக்கும் என்று போட்டிருந்தது. இன்னொரு நகல் எடுக்கவில்லை.

மகாளயத்திலிருந்து பூஜை வரைக்கும் பார்த்த அத்தனை ரிப்போர்ட்டும் போய்விட்டது. பூஜை முடிந்து ரிப்போர்ட் வாங்க ஆட்கள் வந்தார்கள். ரத்தம் கொடுத்தவர்கள். கவுன்டரில் கண்ணாடி உடைந்தது.

பக்கத்தின் அடியில் கருத்து எழுத ஒரு பெட்டி இருக்குமாம். ராணா அதில் எழுதினான். 'உங்கள் பக்கம் சொன்னபடி செய்தேன். என் வேலை போகிறது.' அந்தப் பெட்டியில் வருவது திதிக்குத்தான் வரும். லட்சுமி பூஜை கழிந்து ஆபீஸ் திறந்த அன்று என் பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். படித்ததும் லேப்டாப்பை மூடினார். பிறகு திறந்தார்.

"அண்ணாச்சி, தண்ணி."

கொடுத்தேன். குடிக்கவில்லை. கையில் வைத்திருந்தார்.

அன்றே திருத்தம் அனுப்பினார். அவசரம் என்று தலைப்பில் போட்டார். ஐந்து பேரில் ஒருவரும் பதில் எழுதவில்லை. மூன்று நாள் கழித்துப் பக்கம் தானாகத் திருந்தியது. அதற்கும் மறுப்பு வரவில்லை என்றுதான் குறிப்பு வந்தது.

ராணாவை வரச் சொன்னார். அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. அப்பா படுக்கையில். லேப் முதலாளி ஒன்று சொல்லியிருந்தார். மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து, தப்பு கம்பெனி பக்கத்தில் என்று தன்னிடம் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்று.

"பிறகு பார்க்கலாம்னா?" என்று திதி கேட்டார்.

"அவ்வளவுதான் சொன்னார், திதி" என்றான் ராணா.

அப்போதுதான் மேனேஜருக்குப் போன் போட்டார். நான் மிஷினை நிறுத்தினேன். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். நல்ல தமிழ்.

"மேடம், நானும் பார்த்தேன். ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா நம்ம சைடுல புரொசீஜர் கரெக்ட். அஞ்சு பேருக்கும் போயிருக்கு. யாரும் மறுக்கலை."

"யாரும் படிக்கலை."

"படிக்கலைன்னு நீங்க எப்படிச் சொல்ல முடியும்?"

"நீங்க படிச்சீங்களா?"

போனில் சத்தம் இல்லை. பின்னால் யாரோ லிஃப்ட் வந்துவிட்டது என்றார்கள்.

"சார், நீங்க பேசாம இருக்கீங்க. இதை நான் என்னன்னு எடுத்துக்கட்டும்?"

"மேடம், லீகல்ல கேட்காம நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்லை."

ராணாவின் அம்மா மகனைத் தொட்டு, "கீ போல்சே?" என்றார். என்ன சொல்கிறார் என்று கேட்கிறார். ராணாவுக்கும் தமிழ் தெரியாது. பேங்க் மாமா முன்னால் குனிந்து வங்காளத்தில் சொன்னார். "மாசிமா, அவர் வருத்தப்படறார்."

"வருத்தப்பட்டா நல்ல மனுஷர்தான்" என்றார் அந்த அம்மா.

திதி போனை வாய்க்குக் கிட்டே வைத்தார். "கம்பெனியில் இருந்து ஒரே ஒரு ஆள் டாலிகஞ்சுக்கு ஒரு போன் பண்ணணும். ரெண்டு நிமிஷம். தப்பு எங்க பக்கத்துலன்னு சொல்லணும். பண்ணுவீங்களா, மாட்டீங்களா?"

"நீங்களும் கஸ்டமர்கிட்ட நேரடியாப் பேசாதீங்க மேடம். கான்ட்ராக்ட்ல இருக்கு. அடுத்த மாசம் ரின்யூவல் வருது. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"மாட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அவர் அதையும் சொல்லவில்லை. லைன் போய்விட்டது. வைத்தாரா, தானாகப் போனதா என்று தெரியவில்லை.

மாமா மட்டும் பேசினார். "பேங்க்ல நாங்களும் இப்படித்தான். ஃபைலை மேல அனுப்பிட்டு ரிட்டயர் ஆயிடுவோம்."

"மாமா, சும்மா இருங்க" என்றார் திதி. லேப்டாப்பைப் பையில் போட்டார். "கம்பெனியில் இருந்து ஒரு ஆள்தானே? நான் ஒரு ஆள். அடுத்த மாசம் வரைக்கும் நான் கம்பெனிதான்."

ராணாவின் அம்மாவையும் கடையையும் மாமாவிடம் விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. திதி ராணாவோடு ஆட்டோவில் ஏறிவிட்டு என்னைப் பார்த்தார். வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. ஏறிவிட்டேன். சினிமா ஸ்டூடியோவைத் தாண்டும்போது ராணா, "கொஞ்சம் முன்னால" என்றான். திதி எந்தக் கம்பம் என்று கேட்கவில்லை.

லேப் முதலாளி வயதானவர். கார்த்திகை பிறக்கும் முன்பே ஸ்வெட்டர் போட்டிருந்தார். மரியாதையானவர். எங்களை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். கவுன்டரில் உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை வைத்து டேப் ஒட்டியிருந்தது.

திதி வங்காளத்தில் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு டீக் கோப்பைகளை எடுத்து வைத்து, இது உங்கள் கணக்கு, இது நகல் என்று ஆரம்பித்தார். பக்கத்தில் முன்னால் என்ன இருந்தது, பிறகு என்னவாக மாறியது, ராணா என்ன படித்தான், படித்தபடி எப்படிச் செய்தான், எல்லாம் சொன்னார். கம்பெனி என்று சொல்லிக் கை கழுவவில்லை. "அந்த வரியை எழுதியது நான்" என்றார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வங்காளம் அரைகுறையாகத் தெரிந்த எனக்கே எல்லாம் புரிந்தது.

முதலாளி கவனமாகக் கேட்டார். பிறகு தானே கோப்பைகளை நகர்த்தித் திருப்பிச் சொன்னார். சரியாகச் சொன்னார்.

"அப்படியானால் இவன் பேரில் தப்பு இல்லை" என்றார்.

"இல்லை" என்றார் திதி.

ராணா நிமிர்ந்து உட்கார்ந்தான். அதுவரை தொடாத டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"நீங்கள் சொன்னது எனக்குத் தெளிவாகப் புரிந்தது" என்றார் முதலாளி. "இவ்வளவு தெளிவாக இதை யாரும் சொல்லவில்லை. நன்றி. ஆனால் நாளைக் காலையில் கவுன்டருக்கு ஆட்கள் வருவார்கள். என் ரிப்போர்ட் எங்கே, தொலைத்தது யார், அவனை என்ன செய்தாய் என்று கேட்பார்கள். நான் யாரையாவது காட்டவேண்டும். உங்கள் ஐந்து பேர் பெங்களூரில் இருக்கிறார்கள். உங்களைக் காட்டினால் யாருக்கும் தெரியாது. இவனை எல்லோருக்கும் தெரியும். நான் வேறு யாரைக் காட்டட்டும்? நீங்களே சொல்லுங்கள்."

நான் திதியைப் பார்த்தேன். ராணாவும் பார்த்தான்.

திதி கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு தடவை திறந்தது. மூடிக்கொண்டது. உள்ளே ரத்தம் எடுக்கிற அறையில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.

முதலாளி கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. பிறகு எழுந்து, திதிக்குக் கை கூப்பினார்.

"புரிந்துகொண்டதற்கு நன்றி" என்றார்.

திதியின் கை பாதி எழுந்தது. "இல்லை, நான்..." என்றார். அதற்குள் முதலாளி உள்ளே போய்விட்டார்.

அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. இல்லை என்றும் யாரும் எழுதவில்லை. ஒரு காலை பாஸ்வேர்டு போட்டார், திறக்கவில்லை. அதன் பிறகு புனேயில் தங்கையிடம் போய்விட்டார். தங்கை வரச் சொன்னாளா என்று கேட்டேன். "வாய் விட்டுச் சொன்னாள், அண்ணாச்சி. ரெண்டு தடவை கேட்டுட்டேன்" என்றார்.

அதெல்லாம் பிறகு. அன்று நாங்கள் மூன்று பேரும் படி இறங்கினோம். ராணா அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டான். என்னைக் கேட்டானா திதியைக் கேட்டானா தெரியவில்லை.

கீழே வாசல் கண்ணாடியில் ரிசப்ஷன் பெண் ஒரு காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். ராணாவைப் பார்த்ததும் பசைக் குச்சியை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வங்காளத்தில் அடித்திருந்தது. அன்று அடித்தது இல்லை போல. ஓரம் மடங்கியிருந்தது. எனக்கு வங்காளம் வாசிக்க வராது. திதி வாசித்தார். நின்று இரண்டாம் முறையும் வாசித்தார். தார் மானே என்று கேட்பார் என்று நான் காத்திருந்தேன்.

"என்ன போட்டிருக்கு?" என்றேன்.

"கம்ப்யூட்டர் பார்க்க ஆள் வேணுமாம். ரெண்டு வருஷ அனுபவம். ஞாயிறு தவிர, காலையில பத்துல இருந்து பன்னிரண்டுக்குள்ள நேர்ல வரணும்."

"வேற?"

"வேற கேட்கறதுக்கு ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. எல்லாம் தெளிவா இருக்கு."

கடைசி வரியை அவர் வாசிக்கவில்லை. ராணா வாசித்தான்.

காலியிடம்: 1.